ரெட்டைப் பிள்ளைகள்ல ஒருத்திக்கு மட்டும் லூபஸ்: எதிர்ப்பு அணுக்கள்ல மாறுனது என்ன?

காங்கேயத்துல இருந்து ஒரு அம்மா, மார்ச் 3, மதியம்

எனக்கு ரெட்டைப் பொண்ணுகங்க. ஒரே கரு, ஒரே நஞ்சு. மூத்தவளுக்குப் போன வருசம் லூபஸ்னு சொல்லிட்டாங்க, எதிர்ப்பு அணுக்களே சொந்த ஒடம்பைத் தாக்கற நோயாமுங்க. சின்னவ நல்லா இருக்கறா. இப்ப சின்னவளுக்கு ஒரு வரன் வந்திருக்குது. மாப்பிள்ளை வீட்டுல, ரெண்டும் ஒரே ரத்தந்தானுங்களே, இவளுக்கும் வந்துருமில்லீங்களான்னு கேக்கறாங்க. எபிஜெனிடிக்ஸ்னு ஏதோ ஒண்ணு மாறுனாத்தான் இந்த நோய் வரும், அதுக்கு டெஸ்ட் இருக்குன்னு சொந்தக்காரப் பையன் சொல்றான். எடுத்துக் கையில குடுத்துரலாமுங்களா?

மார்ச் 3, ராத்திரி

எடுக்காதீங்க அக்கா. காரணத்துக்குப் பொறகு வர்றேன்.

நான் கோபி பக்கம் ஒரு லேப்ல ரத்தப் பரிசோதனை பாக்கறவ. எனக்குச் சரவாங்கி (ருமட்டாய்டு மூட்டுவாதம், இதும் லூபஸ் மாதிரி எதிர்ப்பு அணு நோய்தான்) இருக்குது, ரெண்டாவது பிரசவத்துக்கு அப்பறம் வந்தது. ஊசி குத்தற பக்கமும் குத்திக்கற பக்கமும் பழக்கம்.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல ஒரு கணக்கு இருக்குது. 1992ல அமெரிக்காவுல லூபஸ் இருக்கற ரெட்டையர்களை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரே கருவுல பிறந்த ஜோடிகள்ல ரெண்டு பேருக்குமே நோய் இருந்தது 24 சதவீதம். தனித்தனிக் கருவுல பிறந்த ரெட்டையர்ல 2 சதவீதம். 24க்கும் 2க்கும் நடுவுல இருக்கற தூரம் மரபணுவுக்குப் பங்கு இருக்கறதைக் காட்டுது. அது பெரிய பங்குதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனா அதே மரபணுவை முழுசா வெச்சுக்கிட்டு, நாலுல மூணு ஜோடில இன்னொருத்தர் நல்லா இருந்திருக்கறாங்க. சரவாங்கில இது இன்னும் குறைவு. 1993 பிரிட்டன் ஆய்வுல ஒரே கரு ரெட்டையர்ல 15 சதவீதம்.

"வந்துரும்"னு சொல்றவங்க அந்த நாலுல மூணை எங்க கொண்டுபோய் வெப்பாங்க?

மார்ச் 4, காலைல, வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னால

மிச்சத்தை எழுதறேன். ஒடம்புல இருக்கற கல்லீரல் செல்லுக்கும் ரத்தத்துல ஓடற டி செல்லுக்கும் (எதிர்ப்பு அணுக்கள்ல ஒரு வகை) டிஎன்ஏ ஏறக்குறைய ஒண்ணேதான். ஆனா ரெண்டும் செய்யற சோலி வேற. எந்த ஜீன் பேசணும், எது வாய மூடிட்டு இருக்கணும்னு அடுத்த அடுக்குல ஒரு ஏற்பாடு இருக்குது. அதுக்கு 1942ல எபிஜெனிடிக்ஸ்னு பேரு வெச்சவர் கான்ராட் வாடிங்டன். சென்னிமலைத் தறி பாத்தவங்களுக்குச் சட்டுனு புரியும். பாவு நூல் அத்தனையும் தறியில இருக்கும், ஆனா எந்த நூல் மேல தூக்கணும்னு சொல்றது ஜக்கார்டு அட்டையில இருக்கற ஓட்டை. அட்டை மாறுனா அதே பாவுல வேற பூ விழும்.

இங்க ஓட்டைக்குப் பதிலா ரெண்டு மூணு விதமான குறிகள். டிஎன்ஏல சைட்டோசின் மேல ஒட்டற மெத்தில் ஒண்ணு. அது நெறைய ஒட்டுன இடத்துல ஜீன் பெரும்பாலும் அடங்கிக் கெடக்கும். டிஎன்ஏ சுத்தியிருக்கற ஹிஸ்டோன் புரதத்துல ஒட்டற குறிகள் இன்னொண்ணு. பொறகு ஜீனோட பேச்சை அடக்கற குட்டி ஆர்என்ஏ, மைக்ரோ ஆர்என்ஏ. செல் ரெண்டாப் பிரியறப்ப பழைய மெத்தில் குறியைப் பாத்துப் புது இழையில எழுதறது டிஎன்எம்டி1ங்கற நொதி. அது சோம்பிப்போனா, பிரியப் பிரியக் குறி கொறஞ்சுட்டே போகும். இந்த நொதியை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, கதை அது மேலதான் நடக்குது.

மார்ச் 4, ராத்திரி

பஸ்ஸுல யோசிச்சுட்டே வந்தேன், இதை எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு. மாத்திரையில இருந்து ஆரம்பிக்கறதுதான் சரி.

ஹைட்ராலசின்னு ஒரு பிபி மாத்திரை. புரோகெய்னமைடுன்னு இதயத் துடிப்பு தடுமாறறதுக்கு ஒண்ணு. ரெண்டும் சிலருக்கு லூபஸ் மாதிரியே ஒரு நோயைக் கொண்டு வரும். மூட்டுவலி, காய்ச்சல், ஏஎன்ஏ பாசிட்டிவ் (சொந்தச் செல்லோட உட்கருவுக்கு எதிரான எதிர்ப்புரதம், அதாவது ஆன்டிபாடி, ரத்தத்துல இருக்கறது). மாத்திரையை நிறுத்துனா பெரும்பாலும் அடங்கிரும். மிச்சிகன் பல்கலைக்கழகத்துல புரூஸ் ரிச்சர்ட்சன் இதை விடாமத் துரத்துனார். 1980கள்ல அவங்க கண்டது: மெத்தில் ஒட்டறதைத் தடுக்கற மருந்துல டி செல்லை நனைச்சா, அந்தச் செல் சொந்த ஒடம்பு செல் மேலயே பாயுது. இந்த ரெண்டு மாத்திரையும் அதையே செய்யுது. புரோகெய்னமைடு நேரா டிஎன்எம்டி1 மேல கை வெக்குது. ஹைட்ராலசின் அந்த நொதியை உருவாக்கச் சொல்ற சமிக்ஞையை வழியிலயே நிறுத்துது. இப்படி மாத்துன எலியோட டி செல்லை அதே இனத்து எலிக்குள்ள செலுத்துனப்ப எலிக்கு லூபஸ் மாதிரி நோய் வந்துச்சு.

1990ல அவங்களே நோயாளிகள் பக்கம் திரும்புனாங்க. நோய் கொந்தளிச்சுட்டு இருந்த லூபஸ், சரவாங்கி ரெண்டுலயும் டி செல்லுல மெத்தில் கொறைவா இருந்துச்சு.

நான் இதைப் படிச்ச அன்னிக்கு நெம்ப நேரம் தூங்கல. என்ற மாமியா உட்பட அத்தனை பேரும் "நீ தண்ணியில நின்னதால வந்துச்சு", "பத்தியம் பாக்கல"ன்னு சொன்னதையெல்லாம் மனசுல வெச்சு வெசனப்பட்டவ நான். நோய் நடக்கற எடம் ஒரு செல்லோட உள்ள, ஒரு நொதியோட வேகத்துலன்னு தெரிஞ்சப்ப மூச்சு லேசாச்சு.

மார்ச் 5

கீழ ஒரு தம்பி, "எங்கய்யன் ஹைட்ராலசின் சாப்படறார், நிறுத்திரட்டுமா"ன்னு கேட்டிருக்கறார். நிறுத்தாதீங்க தம்பி. கொஞ்சப் பேருக்குத்தான் அப்படி ஆகும், அதும் பெரும்பாலும் அதிக அளவுல நெடுநாள் எடுத்தவங்களுக்கு. காச நோய்க்குக் குடுக்கற ஐசோனியசிட் கூட எப்பவாவது இதைச் செய்யும். அதுக்காகக் காச நோய் மாத்திரையை விட்டா உயிருக்கே ஆபத்து. மூட்டு வீங்குனாலோ விடாம காய்ச்சல் அடிச்சாலோ மருந்து எழுதுன டாக்டர்கிட்டக் காட்டுங்க, அவ்வளவுதான்.

மார்ச் 6, மத்தியானம், சாப்பாட்டு நேரம்

ஒரு கேள்வி எல்லாரும் கேக்கறீங்க: ஏன் பொம்பளைகளுக்கே வருது? லூபஸ்ல பத்துக்கு ஒம்பது பேர் பெண்கள்.

பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு. அதுல ஒண்ணைச் செல் அடக்கி வெச்சிருக்கணும், அதுக்கும் மெத்தில் குறி வேணும். சிடி40எல்ங்கற ஜீன் எக்ஸ்ல இருக்குது. பி செல்லைத் தட்டியெழுப்பி எதிர்ப்புரதம் செய்யச் சொல்றதுக்கு டி செல் நீட்டற கை அது. லூபஸ் இருக்கற பெண்களோட டி செல்லுல, அடங்கிக் கெடக்க வேண்டிய எக்ஸ்ல இருக்கற சிடி40எல்லும் மெத்தில் கழண்டு முழிச்சுக்குது. ஆணுக்கு ரெண்டாவது எக்ஸ் இல்லாததால இந்த வழி இல்லை. எக்ஸ்எக்ஸ்ஒய் குரோமோசோமோட பிறக்கற ஆண்களுக்கு மத்த ஆண்களை விட லூபஸ் ஏறக்குறைய 14 மடங்கு அதிகம்னு கண்டிருக்கறாங்க. அப்ப ஹார்மோன் மட்டும் காரணம் இல்லைங்கறது உறுதியாகுது.

2024ல ஸ்டான்ஃபோர்டுல ஹோவர்ட் சாங் குழு இன்னொரு துண்டைச் சேத்துச்சு. எக்ஸை அடக்கறதே எக்ஸிஸ்ட்ங்கற ஒரு ஆர்என்ஏதான். அதைச் சுத்தி ஒட்டற புரதக் கூட்டத்துக்கு எதிராவே எதிர்ப்புரதம் உருவாகுது. ஆண் எலியில அந்த ஆர்என்ஏவைச் செய்ய வெச்சு, நோயைத் தூண்டுனப்ப பெண் எலிக்கு நிகரா நோய் வந்துச்சு.

மார்ச் 6, ராத்திரி

டெஸ்ட் விசயத்துக்கு வர்றேன். இதை நான் என்ற வேலையில இருந்து சொல்றேன், அதனால கொஞ்சம் நீளமாப் போகும்.

ரத்தம்னு ஒரு டியூப்ல எடுக்கறோமே, அது பல செல்லோட கூட்டம். டிஃபரன்ஷியல் கவுண்ட் (வெள்ளணு வகைகளைப் பிரிச்சு எண்ணறது) பாத்தா சாதாரண ஆளுக்கு வெள்ளணுல பாதிக்கு மேல நியூட்ரோஃபில், மிச்சத்துல பெரும்பங்கு லிம்போசைட். நியூட்ரோஃபிலுக்கு ஒரு மெத்தில் கோலம், டி செல்லுக்கு ஒண்ணு, பி செல்லுக்கு ஒண்ணு. லூபஸ்ல லிம்போசைட் கொறையும். ஸ்டீராய்டு எடுத்தா நியூட்ரோஃபில் ஏறும், லிம்போசைட் எறங்கும். அப்ப முழு ரத்தத்துல மெத்தில் அளந்து "மாறியிருக்குது"ன்னு சொன்னா, செல்லுக்குள்ள மாறுச்சா, இல்ல கூட்டத்துல ஆளு மாறுச்சா? நல்ல ஆய்வாளருங்க செல்லைத் தனித்தனியாப் பிரிச்சு அளப்பாங்க, இல்லாட்டி விகிதத்தைக் கணக்குல கழிப்பாங்க. 2013ல சரவாங்கி பத்தி வந்த பெரிய ஆய்வுல இந்தக் கழிப்பைச் செஞ்ச பொறகுதான் முடிவுக்கு வந்தாங்க. வெளம்பரத்துல காசு வாங்கறவங்க இதைப் பத்திப் பேச மாட்டாங்க.

ஐஎஃப்ஐ44எல்னு ஒரு ஜீனோட மெத்திலை அளந்து லூபஸை மத்த நோய்ல இருந்து பிரிச்சுக் காட்டலாம்னு 2016ல சீனாவுல ஒரு குழு சொன்னது உண்மைதான். ஆனா அது நோய் இருக்கறவங்களை அடையாளம் காணறதுக்கு. நல்லா இருக்கற பொண்ணுக்கு நாளைக்கு வருமான்னு சொல்றதுக்கில்லை.

மார்ச் 7, காலைல

"சரி, ஏஎன்ஏவாவது பாத்துக் குடுத்துரலாமா"ன்னு அக்கா தனியா கேட்டீங்க. பொதுவுலயே பதில் சொல்றேன், நாலு பேருக்கு ஆகட்டும்.

வேண்டாங்க. ஸ்லைடுல பச்சையா மின்னற அந்தச் செல்லைப் பாக்கறது என்ற சோலிகள்ல ஒண்ணு. 1997ல பல நாட்டு லேப்களைச் சேத்து ஒரு ஆய்வு செஞ்சாங்க. ஒரு நோயும் இல்லாதவங்கள்ல, ரத்த நீரை 40 மடங்கு நீர்த்துப் பாத்தப்ப (1:40) 100க்கு 32 பேருக்கு ஏஎன்ஏ பாசிட்டிவ். 1:80ல 13 பேருக்கு. 1:160ல 5 பேருக்கு. உங்க சின்னவளுக்கு 1:80ல லேசா மின்னுச்சுன்னு வெச்சுக்கோங்க. அந்தக் காயிதம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனா, நோயே இல்லாத பொண்ணு நோயாளியாயிருவா. காயிதத்தைப் படிக்கத் தெரியாத கையில குடுக்கறது அந்தப் புள்ளைக்கு நாம செய்யற அநியாயம். மூட்டுவலி, வெயில்ல போனா மொகத்துல தடிப்பு, வாயில ஆறாத புண்ணு, காரணமில்லாம முடி கொட்டறது, கால் வீக்கம் இப்படி ஏதாவது வந்தா அப்பப் பாக்கலாம்.

மாப்பிள்ளை வீட்டுல ஒளிக்கவும் வேண்டாம். அக்காளுக்கு இருக்குது, தங்கச்சிக்கு இல்லை, மருந்து சாப்பிட்டு அக்காளும் நல்லா இருக்கறான்னு நேராச் சொல்லுங்க. குலக் கூட்டம், ஜாதகம் எல்லாம் விசாரிக்கற வீட்டுக்கு 24 சதவீதம்னா என்னன்னு புரிஞ்சுக்கற பொறுமையும் இருக்கணும்.

மார்ச் 8

சூலூர்ல இருந்து ஒருத்தர்: "செல்லுல மாறுன குறி பேரன் பேத்திக்கும் போகுமாமே, டச்சுப் பஞ்சம்னு சொல்றாங்களே."

1944-45 குளிர்காலத்துல நெதர்லாந்துல பஞ்சம். அப்ப வயித்துல இருந்த குழந்தைகளை 60 வருசம் கழிச்சுப் பாத்தப்ப ஐஜிஎஃப்2 ஜீன்ல மெத்தில் கொறைவா இருந்துச்சு. அது 2008ல வந்த ஆய்வு. ஆனா அங்க பஞ்சத்தை நேராப் பட்டது அந்தச் சிசுவே. டி செல்லுல மெத்தில் கழண்டது டி செல்லோட நிக்கும், அது கரு முட்டைக்குள்ள போறதில்லை. முட்டை, விந்து உருவாகறப்பவும், கரு உண்டான உடனேயும் பெரும்பாலான குறிகளை ஒடம்பே அழிச்சுப் புதுசா எழுதுது.

லூபஸ் இருக்கற மூத்த மகளுக்குக் கலியாணம் பேசறப்பத் தெரிஞ்சுக்க வேண்டியது வேற ஒண்ணு. ரோ எதிர்ப்புரதம்னு லூபஸ்ல சிலருக்கு இருக்கற ஒரு வகை இருந்தா அது நஞ்சு வழியா சிசுவுக்குப் போகும். அப்படிப்பட்ட தாய்மார்ல 100க்கு சுமார் 2 பேரோட சிசுவுக்கு இதயத் துடிப்புப் பாதை அடைபடும். அதனால கர்ப்பத்துக்கு முன்னாலயே அந்த டெஸ்டைப் பாத்துருவாங்க, லூபஸ் மாத்திரையான ஹைட்ராக்சி குளோரோகுயினைக் கர்ப்பத்துலயும் தொடரச் சொல்வாங்க. இந்த டெஸ்ட்ல அர்த்தம் இருக்குது.

மார்ச் 9, ஞாயித்துக்கெழமை

மஞ்சள் சாப்பிட்டா இந்தக் குறி மாறுமான்னு கேள்வி. வரும்னு தெரியும்.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு வாங்குன ஊரு நம்முளுது, மஞ்சளைக் கொறைச்சுப் பேச எனக்கு மனசு வராது. மஞ்சள்ல இருக்கற கர்க்குமின் எபிஜெனிடிக் குறியைத் தொடுதுங்கறது கட்டுக்கதையும் இல்லை. ஹிஸ்டோன்ல அசிட்டைல் ஒட்டற பி300ங்கற நொதியை அது தடுக்குதுன்னு 2004ல பெங்களூர் ஜவகர்லால் நேரு உயர் ஆய்வு மையத்துல தபஸ் குண்டு குழு காட்டுச்சு. ஆனா அது சோதனைக் குழாய்ல. நாம குழம்புல போடறதுல கர்க்குமின் கொஞ்சம், அதுலயும் ரத்தத்துக்குப் போறது துளி. மிளகுல இருக்கற பைப்பரின் சேத்தா 20 மடங்கு ஏறுதுன்னு 1998ல பெங்களூர்லயே கண்டாங்க. அதை நம்பி மிளகுச் சத்து கலந்த மஞ்சள் கேப்சூல் விக்கறாங்க. அந்தக் கேப்சூலால கல்லீரல் கெட்டுப்போனவங்களைப் பத்தி அமெரிக்க டாக்டருங்க 2022ல பதிவு செஞ்சிருக்கறாங்க. சரவாங்கிக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்படறவங்க கல்லீரலை ஏற்கெனவே கவனிச்சுட்டு இருக்கறவங்க. அது மேல இதையும் ஏத்தாதீங்க. ரசத்துல மஞ்சள் தாராளமாப் போடுங்க.

மார்ச் 9, பொழுது சாஞ்ச பொறகு

கோயமுத்தூர் ஃபவுண்டரியில மோல்டிங் வேலை பாக்கறவரோட சம்சாரம் எழுதியிருக்கறாங்க. மணல் தூசி நுரையீரலைத்தானே கெடுக்கும், இவருக்கு ஏன் விரல் வீங்குதுன்னு.

அம்மணி, அந்த மணல் சிலிக்கா. அதோட பொடி நுரையீரலோட நிக்கறதில்லை. 1914ல எடின்பரோவுல பைரம் பிராம்வெல் கல் கொத்தறவங்ககிட்டத் தோல் இறுகற நோயை (இதும் எதிர்ப்பு அணு நோய்தான்) பாத்தார். 1957ல எராஸ்மஸ் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கக்காரங்ககிட்ட அதையே பாத்தார். சரவாங்கி, லூபஸ் ரெண்டும் சிலிக்கா தூசியில வேலை பாக்கறவங்களுக்குக் கூடுதலா வருதுன்னு பல நாட்டு ஆய்வு சொல்லுது. துகளை விழுங்குன வெள்ளணுவால அதைச் செரிக்க முடியாது. செல் உள்ள எச்சரிக்கை மணி அடிச்சுட்டே சாகும், அடுத்த செல் வந்து அதே துகளை விழுங்கும்.

பீடி, சிகரெட்டு குடிச்சா இன்னும் மோசம். பொகை பட்ட ரத்த செல்லுல ஏஎச்ஆர்ஆர்ங்கற ஜீன்ல மெத்தில் எறங்கறது நெம்ப உறுதியாத் தெரிஞ்ச மாற்றங்கள்ல ஒண்ணு. விட்டுட்டா வருசம் போகப் போக அது கொஞ்சம் கொஞ்சமாத் திரும்புது. வீட்டுக்காரரை நாளைக்கே சரவாங்கிக்கான ரத்தப் பரிசோதனை ஆர்எஃப், ஆன்டி சிசிபி ரெண்டும் பாக்கச் சொல்லுங்க, டாக்டர்கிட்ட என்ன வேலைன்னு மறக்காமச் சொல்லச் சொல்லுங்க. நம்ம பக்கம் பலரும் "கூலி வேலைங்க"ன்னு முடிச்சுர்றாங்க. பம்ப்பும் கிரைண்டரும் நாடு பூராப் போகுது, அதை வார்க்கற ஆளோட தூசி எந்தச் சீட்டுலயும் ஏறறதில்லை. எனக்கு இதுல கோவம் இருக்குது.

மார்ச் 11

"வலியே இல்ல, மாத்திரையை நிறுத்திட்டேன்"னு ஒரு தங்கச்சி.

கண்ணு, 2013ல லூபஸ் இருக்கறவங்களோட இன்னும் சண்டைக்கே போகாத டி செல்லைப் பிரிச்சுப் பாத்தாங்க. இன்டர்ஃபெரானுக்கு (கிருமி வந்தா செல் அனுப்பற எச்சரிக்கைப் புரதம்) பதில் சொல்ற ஜீன்கள்ல அப்பவே மெத்தில் எறங்கியிருந்துச்சு. ஜீன் இன்னும் பேச ஆரம்பிக்கல, ஆனா கதவு தெறந்து கெடக்குது. ஒரு காய்ச்சலோ கடும் வெயிலோ போதும், மளமளன்னு கெளம்பும். சரவாங்கில மூட்டு உறையில இருக்கற ஃபைப்ரோபிளாஸ்ட்ங்கற திசு செல் எதிர்ப்பு அணு கூட இல்ல. ஆனா அதைத் தனியா எடுத்து லேப்ல வளத்தாலும் மூர்க்கம் மாறாம இருக்கறதையும், மெத்தில் கொறைஞ்சிருக்கறதையும் 2009ல சூரிக்ல காட்டுனாங்க. வலி அடங்குனது ஒண்ணு, குறி மாறுனது இன்னொண்ணு. எனக்கும் வலியில்லாத மாசங்கள் வரும். அப்பவும் மாத்திரை தொடருது, டாக்டரா அளவைக் கொறைக்கறப்பத்தான் கொறையும்.

மார்ச் 12

குறியையே மாத்தற மருந்து உண்டான்னா, அசாசிட்டிடின் 2004ல இருந்து ரத்தப் புற்று வகை ஒண்ணுக்கு இருக்குது. அது மெத்திலைக் கழட்டறது, லூபஸ்ல நமக்கு வேண்டியதுக்கு நேர் எதிர். ஒடம்பு பூரா மெத்திலை ஏத்துனாலும் ஆபத்து, புற்றைத் தடுக்கற ஜீன் அடங்கிரும். எந்தச் செல்லுல, எந்த ஜீன்லங்கறதுதான் சிக்கலே.

ஜெர்மனியில எர்லாங்கன்ல கியோர்க் ஷெட் குழு வேற பாதையில போச்சு. லூபஸ் இருந்த ஒரு பொண்ணைப் பத்தி 2021லயும், அஞ்சு பேரைப் பத்தி 2022லயும் எழுதுனாங்க: கார் டி செல் (நோயாளியோட டி செல்லையே லேப்ல மாத்தி, பி செல்லைத் தேடி அழிக்க வெக்கறது) வெச்சு பி செல்லை மொத்தமாத் தொடச்சாங்க. மாசக் கணக்குல பி செல் திரும்பி வந்தப்ப பெரும்பாலும் அனுபவமில்லாத புதுச் செல்லா வந்துச்சு, மாத்திரை இல்லாம நோய் அடங்கியே இருந்துச்சு. குறி ஏறுன செல்லை அழிச்சுட்டா புதுசு சுத்தமா வருதுன்னா, நோயோட ஞாபகம் செல்லுலதான் கெடந்துச்சுன்னு நான் எடுத்துக்கறேன். செலவும் ஆபத்தும் பெரிசு, ஆனா இதைப் படிக்கறப்பெல்லாம் எனக்கு நெஞ்சு நெறையுது.

மார்ச் 14

மெத்தோட்ரெக்சேட் பத்தித் தனியாக் கேட்டவங்களுக்கு. அது சரவாங்கில வாரம் ஒரு தடவை மாத்திரம். தெனமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளணு விழுந்து வந்த ரத்தத்தை நான் மைக்ராஸ்கோப்புல பாத்திருக்கறேன், உயிரே போயிரும். வயசானவங்க வீட்டுல இருந்தா அந்த மாத்திரையை மட்டும் தனி டப்பாவுல போட்டு, கெழமையோட பேரைப் பெரிசா எழுதி ஒட்டுங்க. ஃபோலிக் ஆசிட் டாக்டர் சொன்ன நாள்ல. கொழந்தைக்குத் திட்டம் இருந்தா மாசக்கணக்குல முன்னாலயே டாக்டர்கிட்டச் சொல்லி நிறுத்தணும். ஹைட்ராக்சி குளோரோகுயின் எடுக்கறவங்க ஆரம்பத்துல ஒரு தடவை கண்ணு பாத்துட்டு, அஞ்சு வருசத்துக்கு அப்பறம் வருசா வருசம் பாக்கணும்.